கர்ப்பம் நாலாம் மாதம், தும்மல் நிற்கவில்லை, செட்ரிசின் போடலாமா?

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்குத் தூசி அலர்ஜி. காலையில் எழுந்ததும் தும்மல் ஆரம்பித்தால் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும், கண்ணும் மூக்கும் ஒழுகும். முன்பெல்லாம் ராத்திரி ஒரு செட்ரிசின் போட்டால் அடங்கிவிடும். இப்போது மாமியார் எந்த மாத்திரையும் தொடாதே என்கிறார், அக்கா அவில் போட்டுக்கோ என்கிறாள். பால் கொடுக்கும்போதும் இதே பாடுதானா?

பதில் 1: மருந்துக்கடை வைத்திருக்கிறேன். செட்ரிசின், லோரடடின் என்ற இரண்டு அலர்ஜி மாத்திரைகளையும் நிறையக் கர்ப்பிணிகள் சாப்பிட்டிருக்கிறார்கள், அதனால் குழந்தைக்குக் குறைபாடு கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இருந்தாலும் உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டே போடுங்கள். அவில் பழைய மருந்து, தூக்கத்தில் ஆளையே சாய்த்துவிடும். அப்புறம், வாந்திக்கு டாக்சினேட் போடுகிறீர்களா? அதிலுள்ள டாக்சிலமினும் இதே அலர்ஜி மருந்து வகைதான். அமெரிக்காவில் வழக்குமேல் வழக்கு வந்து 1983-ல் கம்பெனி இதே கலவை மாத்திரையை நிறுத்தியது, 2013-ல் மறுபடியும் அனுமதி கிடைத்தது, இத்தனைக்கும் நடுவில் அதனால் குறைபாடு என்று நிரூபணம் ஆகவே இல்லை. ஆனால் அதோடு அவிலும் சேர்ந்தால் தூக்கக் கலக்கம் இன்னும் கூடும். கடையில் ‘சளி மாத்திரை’ என்று மட்டும் கேட்காதீர்கள், பலவற்றில் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் கலந்திருக்கும்.

பதில் 2: பால் கொடுக்கும்போது எனக்கு லோரடடின்தான் எழுதினார்கள், பாலில் மிகக் குறைவாகத்தான் போகுமாம். தூக்கம் வரவைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் குழந்தையும் சொக்கிப்போய்ச் சரியாகக் குடிக்காது. மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் வேண்டவே வேண்டாம், ஒரே ஒரு 60 மி.கி. மாத்திரையில் பால் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். முதலில் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டுப் பாருங்கள்பா, எனக்குப் பாதி நாள் அதிலேயே ஓடியது.

பதில் 3: இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஏழு, எட்டு மாதத்துக்கு மேல் தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்தால், அதுவும் ராத்திரியில், அலர்ஜி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஈரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம், குழந்தைக்கு ஆபத்து. அன்றைக்கே போய் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: டாக்சினேட் தினமும் ராத்திரி போடுகிறேன், நல்லவேளை அவில் வாங்கவில்லை. டாக்டருக்குப் போன் செய்தேன், லோரடடின் 10 மி.கி. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் தும்மல் தாங்காத அன்றைக்கு மட்டும் என்றார். மாமியாரிடம் அவரையே பேசச் சொல்லிவிட்டேன்.