'மை' அட்ஜெக்டிவா, டிட்டர்மினரா?

கரிசல்மண்:
ஏழாவது படிக்கும் மகள், 'மை புக்' என்பதில் வரும் 'மை'யை அட்ஜெக்டிவ் என்று எழுதியிருக்கிறாள். பள்ளியில் அதை அடித்துவிட்டு டிட்டர்மினர் என்று திருத்தியிருக்கிறார்கள். நான் படித்தபோது பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல்வகைகள், எட்டுதான், அதில் இந்தப் பெயரே கிடையாது. எது சரி?

பழையபாடம்:
உங்கள் மகள் எழுதியதுதான் சரி. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 'எ', 'தி' இரண்டையுமே டெமான்ஸ்ட்ரேட்டிவ் அட்ஜெக்டிவ் என்றுதான் போட்டிருக்கும். 'மை' பொசெசிவ் அட்ஜெக்டிவ். நவுனுக்கு முன்னால் நின்று அதைப் பற்றி ஏதோ சொல்கிறது, வேறென்ன வேண்டும்? இதை வைத்துக்கொண்டுதான் தலைமுறை தலைமுறையாக ஆங்கிலம் எழுதினோம்.

சந்திப்பிழை:
ஐயா, 'ஐ பாட் புக்' தவறு, சரியா? நடுவில் 'பிக்' போடுங்கள். 'ஐ பாட் பிக் புக்', அப்போதும் தவறு. 'ரெட்'டையும் சேர்த்துப் பாருங்கள், தேறாது. 'மை' போட்டால், 'எ' போட்டால், 'தட்' போட்டால் உடனே சரியாகிவிடும். எண்ணக்கூடிய பொருளை ஒருமையில் சொன்னால் இந்த டிட்டர்மினர் கூட்டத்தில் ஒன்று கட்டாயம் வேண்டும். அட்ஜெக்டிவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தமிழில் 'புத்தகம் வாங்கினேன்' என்றாலே போதும் என்பதால் நம் பிள்ளைகள் அதிகம் வழுக்குவது இங்கேதான். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு இதை எப்படி விளக்குவீர்கள்?

இன்னொன்று. 'தி புக் இஸ் பிக்' வரும், 'தி புக் இஸ் மை' வராது. 'வெரி பிக்' உண்டு, 'வெரி மை' கிடையாது.

பழையபாடம்:
'வெரி மெயின்' மட்டும் உண்டா தம்பி? 'தி ரீசன் இஸ் மெயின்' என்று யாராவது எழுதுவார்களா? அப்படியானால் 'மெயின்'னும் டிட்டர்மினரா?

சந்திப்பிழை:
இல்லை. 'ஐ யூஸ்ட் மெயின் டோர்' என்றால் இன்னும் குறைதான், 'தி' கேட்கிறது. அதனால் அது அட்ஜெக்டிவ். முதலில் சொன்ன சோதனைதான் முக்கியம், மற்றவை துணைக்கு.

ஏட்டுச்சுவடி:
இடையில் நுழைகிறேன். அந்த எட்டு என்ற கணக்கே ஒரு வேடிக்கை. டயோனிசியஸ் த்ராக்ஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகை. அதில் 'தி' போன்ற ஆர்ட்டிகிள் உண்டு, அட்ஜெக்டிவ் தனியாக இல்லை, நவுனுக்குள்ளேயே அடக்கம். லத்தீனில் ஆர்ட்டிகிள் கிடையாது. அதை எடுத்துவிட்டு, 'ஐயோ' போன்ற உணர்ச்சிச் சொல்லான இன்டர்ஜெக்‌ஷனைத் தனி வகையாக்கி எட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்துக்கு லிண்ட்லி மர்ரே 1795இல் எழுதியபோது ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது. ஆக, எட்டு என்பது வேதவாக்கு இல்லை.

பழையபாடம்:
நல்லது. ஆனால் 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் 'மை'யை என்ன சொல்கிறது தெரியுமா? புரோநவுன்! 'ஐ'யின் ஜெனிட்டிவ், அதாவது உடைமை காட்டும் வடிவமாம். டிட்டர்மினர் என்பது அவர்களுக்கு ஒரு சொல் வாக்கியத்தில் செய்யும் வேலையின் பெயர், சொல்லின் இனம் இல்லை. புரோநவுனையோ நவுனுக்குள் தள்ளிவிட்டார்கள். நிபுணர்களுக்குள்ளேயே இந்தப் பாடு. ஏழாவது பிள்ளைக்கு மட்டும் எதற்குச் சிவப்பு மை?

சந்திப்பிழை:
அந்த இலக்கணத்திலும் 'மை' அட்ஜெக்டிவ் இல்லையே! அதை மட்டும் நைசாக விட்டுவிட்டீர்கள்.

தேர்வறை:
இருவரும் சண்டையைத் தொடருங்கள். அண்ணா, மகள் சிபிஎஸ்இ என்றால் டிட்டர்மினர் என்றே எழுதச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு இலக்கணப் பகுதியில் அது தனித் தலைப்பாகவே வருகிறது. இங்கிலாந்துப் பாடத்திட்டத்திலும் நான்காம் வகுப்பிலேயே இந்தச் சொல் உண்டு. போட்டித் தேர்வு என்றால் கதை வேறு. கொடுத்த நான்கு விடையில் டிட்டர்மினர் இல்லாவிட்டால் பொசெசிவ் அட்ஜெக்டிவ்வைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவேண்டியதுதான்.

கரிசல்மண்:
நன்றி. 'பிக் புக்' சோதனையை மகளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். ஆனால் 'மெனி' எதில் சேரும் என்று கேட்கிறாள்.

பழையபாடம்:
'வெரி மெனி' வரும். 'தி மெனி ப்ராப்ளம்ஸ்' என்று 'தி'க்குப் பின்னாலும் வரும். சந்திப்பிழை தம்பி, வாருங்கள், இதற்குப் பதில் சொல்லுங்கள்.