மாற்றிப் போட்ட ரேடியேட்டரும் ஒழுகுகிறது: உங்கள் அனுபவம் என்ன?

பழைய வண்டிக்காரன்

முப்பது வருஷம் தாண்டிய வண்டி என்னுடையது. அதோடு வந்த செம்பு-பித்தளை ரேடியேட்டர் போன வருஷம்தான் கைவிட்டது. ஈயம் வைத்து ஈயம் வைத்து இனி வைக்க இடமில்லை என்று மெக்கானிக் சொன்ன பிறகு புதுசு வாங்கினேன். நடுவில் சூட்டை வெளியே விடும் அலுமினியம் கோர், மேலும் கீழும் பிளாஸ்டிக் டேங்க். இந்த வயது வண்டிகளுக்கு இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது.

போட்ட பதினோராவது நாள் காலையில் வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஒரு திட்டு. விரலால் தொட்டால் வழவழப்பு, லேசான இனிப்பு வாடை. சந்தேகமே இல்லை, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்.

புதுசு எங்கே ஒழுகப்போகிறது என்ற நினைப்பில் பழியை ஹோஸ் மேல் போட்டேன். கிளாம்ப்பை இன்னும் ஒரு சுற்று முடுக்கினேன். (செய்யக்கூடாத வேலை. பிளாஸ்டிக் கழுத்தில் விரிசல் விழும். எனக்கு விழாதது அதிர்ஷ்டம்.) மறுநாளும் அதே திட்டு. என்ஜின் சூடாக இருக்கும்போது டார்ச் அடித்துத் தேடினால் ஒரு சொட்டு கிடையாது. இரவெல்லாம் ஆறி, விடியற்காலையில் மட்டும் சொட்டும். மெக்கானிக்கிடம் கொண்டுபோவதற்குள் வண்டி சூடாகிவிடும், கசிவு நின்றுவிடும். "ஒழுகவே இல்லையே" என்பார். மூன்று தடவை இப்படி அலைந்தேன்.

பிறகுதான் புரிந்தது. பிளாஸ்டிக் டேங்கை அலுமினியத்தோடு பற்றவைக்க முடியாது. நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கெட் வைத்து, சுற்றிலும் அலுமினிய நாக்குகளை மடக்கிப் பிடித்திருப்பார்கள். சூட்டில் எல்லாம் விரிந்து இறுகிக்கொள்ளும். ஆறிச் சுருங்கும்போது பிடிப்பு தளர்ந்த இடத்தில் வழி கிடைத்துவிடும். மடிப்பின் ஓரத்தில் பச்சை கலந்த வெள்ளைப் பொருக்கு காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரம் இல்லாவிட்டாலும் அந்தத் தடம் காட்டிக்கொடுத்தது.

கடையில் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது ரேடியேட்டர் மூன்றாம் வாரத்தில் ஒழுகியது. வலது பக்கம், கீழ் மூலை. முதலாவதும் அதே மூலைதான்! அதைக் கவனிக்க எனக்கு இரண்டு ரேடியேட்டர் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாவதை மாட்டும் முன் அது உட்காரும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். அடியில் இரண்டு ரப்பர் குஷன். இடது பக்கத்தது பரவாயில்லை. வலது பக்கத்தது ஆயில் குடித்து ஊறி, தேய்ந்த செருப்பின் குதிகால் மாதிரி தட்டையாகிக் கிடந்தது. ரேடியேட்டர் அந்தப் பக்கம் சரிந்து நின்றிருக்கிறது. மேலே போல்ட் ஓட்டைக்கு நேராக வராததை நாங்கள்தான் நெம்பி இழுத்துக் கட்டியிருக்கிறோம். அப்புறம் குழியில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலை மடிப்பு முறுக்கப்பட்டிருக்கிறது. பித்தளை இத்தனை வருஷம் இதைப் பொறுத்துக்கொண்டது. பிளாஸ்டிக் பொறுக்கவில்லை.

குஷன் இரண்டையும் மாற்றினேன். போல்ட் விரலாலேயே உள்ளே போனது. நாலு மாதமாக ஒழுகல் இல்லை. இதுபோல் வேறு யாருக்காவது ஆகியிருக்கிறதா?

டீசல் சத்தம்

எனக்குக் கோளாறு ரேடியேட்டர் மூடியில். எவ்வளவு அழுத்தம் வரை அது பிடித்து வைக்கும் என்ற எண் பழைய மூடியில் 0.5 என்று பொறித்திருந்தது. புது ரேடியேட்டரோடு வந்ததில் 1.1. புதுசுக்குப் புது மூடிதானே என்று மாட்டிவிட்டேன். அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதும் முதலில் ஹீட்டர் ஹோஸ் பீய்ச்சியது, அதை மாற்றியதும் வாட்டர் பம்ப், கடைசியில் ரேடியேட்டர் மடிப்பு. வரிசையாக ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன், மூடியைத் தவிர.

அதிக அழுத்தத்தில் கூலன்ட் கொதிக்கும் வெப்பநிலை ஏறும் என்பது உண்மை. அதற்காக வண்டிக்குச் சொன்னதைவிடப் பெரிய மூடி போட்டால் பலவீனமான இடம் முதலில் போகும். வண்டியின் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே போடுங்கள்.

நாலாவது கியர்

எங்கே ஒழுகுகிறது என்று இரண்டு நாள் தேடினேன். அடியில் கூலன்ட்டை வடிக்கும் டிரெயின் பிளக்கில் போட வேண்டிய ரப்பர் வாஷர் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன பையில் இருந்தது. மேற்கொண்டு சொல்ல எதுவுமில்லை.

மல்ட்டிமீட்டர்

மேலே சொன்னவை எல்லாம் மடிப்பிலும் இணைப்பிலும் வந்த கசிவு. எனக்குக் கோரிலேயே, ஏழு மாதத்தில், ஊசிக்கண் ஓட்டைகள். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று.

வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சொல்லித்தான் சோதித்தேன். மல்ட்டிமீட்டரின் கருப்புக் கம்பியை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்புக் கம்பியை உலோகத்தில் படாமல் கூலன்ட்டுக்குள் நனைக்க வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் திறந்தால் முகத்துக்கு வரும். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறைச் சந்தேகிக்கலாம் என்றார். விளக்கும் ஃபேனும் போட்டதும் எனக்கு 0.6 காட்டியது. என்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் திரும்பிப் போகக் கூலன்ட்டை வழியாக்கிக்கொண்டு அலுமினியத்தை அரித்திருக்கிறது.

நேர்மையாகச் சொன்னால், அதுவரை நான் ஊற்றியதும் வெறும் குழாய்த் தண்ணீர். அதிலுள்ள உப்பும் அரிக்கும். எது எவ்வளவு அரித்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டையும் மாற்றிவிட்டேன்: புது எர்த் கேபிள், காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கூலன்ட்.

டீசல் சத்தம்

ஒழுகலை அடைக்கும் பொடியை யாரும் தொடவில்லை போலிருக்கிறது, நல்லது. நான் அதையும் செய்தேன். ஓட்டை அடைந்தது, ஹீட்டர் கோரும் சேர்ந்து அடைந்தது. நடுவழியில் வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் சரி. புது ரேடியேட்டரில் போட்டால், மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போகும்போது பதில் சொல்ல முடியாது.

ஓரமாப் போறவன்

பழைய வண்டிக்கார நண்பரே, ஹெட் கேஸ்கெட்டை (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருப்பதை) பார்த்தீர்களா? இரண்டு ரேடியேட்டர் அடுத்தடுத்துப் போனால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் இறங்கினால் எந்த ரேடியேட்டரும் தாங்காது.

பழைய வண்டிக்காரன்

பார்த்தேன் நண்பரே. ஆறிய என்ஜினில் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஆரம்பத்தில் நாலைந்து குமிழி வந்தது, அது உள்ளே தங்கிய காற்று. அப்புறம் நின்றுவிட்டது. கூலன்ட் அழுத்தத்தைச் சோதிக்கும் கைப்பம்ப் இரவல் வாங்கி, மூடியில் போட்டிருக்கும் 0.9 வரை அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விட்டேன். முள் அசையவில்லை. முதல் ரேடியேட்டரின்போதே, அதிகாலையில், என்ஜின் ஆறிக் கிடக்கையில் இந்தப் பம்பை மாட்டியிருந்தால் மூன்று தடவை அலைந்தது மிச்சமாகியிருக்கும்.

வண்டிக்கு அடியில் விரித்த அட்டையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. நேற்று அதில் ஒரு சொட்டு. பதறிப்போய்த் தொட்டுப் பார்த்தேன், கறுப்பு. என்ஜின் ஆயில். அதற்கு வேறு தனி இழை தொடங்க வேண்டும்.