பழைய கேசட் படத்தைக் குறைகளோடே கணினிக்கு மாற்ற உதவி தேவை

சின்ன வயதில் பார்த்த குடும்பப் படம் ஒன்று. விஎச்எஸ் கேசட்டிலும் (PAL எனும் வீடியோ முறை, விநாடிக்கு 25 ஃபிரேம்) ப்ளூ-ரேயிலும் இருக்கிறது. கதையில் உள்ள ஓட்டைகளும் உதட்டோடு ஒட்டாத டப்பிங்கும் அப்படியே இருக்கட்டும், அதுதானே படம்!

ப்ளூ-ரேயில் பாட்டெல்லாம் மந்தமாகக் கேட்கிறது. காரணம் தெரிந்ததே: விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தைக் கேசட்டுக்காக 25 ஆக ஓட்டியதில் வேகம் 4% கூடி, சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிட்டது. 120 நிமிடப் படம் 115-இல் முடியும். காதில் பழகியது அந்தச் சுருதிதான். அதனால் கேசட்டையே கணினிக்கு மாற்றுகிறேன்: எஸ்-வீடியோ கேபிள், 720×576, இன்டர்லேஸ்டு (ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு ஃபீல்டுகளாக), ஹஃப்ஒய்யூவி (தரம் குறையாமல் சுருக்கும் முறை).

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

நாடா சுருங்கிய இடங்களில் ஃபிரேம்கள் விடுபட்டு, கடைசியில் ஒலி 2 விநாடி பிந்துகிறது. டைம்பேஸ் கரெக்டர் (சிக்னலின் நேரப் பிசகைச் சீர்செய்யும் கருவி) இல்லை. டிவிடி ரெக்கார்டரை நடுவில் வைத்து சிக்னலைக் கடத்தினால் போதுமா? எந்த மாடலில் வேலை செய்தது என்றும் சொல்லுங்கள்.

மூலம் ஃபிலிம் என்பதால் டீஇன்டர்லேஸ் (விடுபட்ட வரிகளை ஊகித்து நிரப்புவது) செய்யாமல் இரு ஃபீல்டுகளைச் சேர்த்தாலே முழு ஃபிரேம் வரவேண்டும். ஆனால் அசையும் இடத்தில் சீப்புப் பற்கள் போலக் கோடு. ஒரு ஃபீல்டு தள்ளிப் பதிவாகியிருக்கும் என்பது என் ஊகம். சரியான ஃபீல்டுகளை ஜோடி சேர்க்கும் ஃபீல்டு மேட்ச் ஃபில்டருக்கு என்ன அமைப்பு?

அடிவிளிம்பில் நெளியும் கோடுகளை வெட்டுவதா, கறுப்பால் மூடுவதா? வெட்டினால் 4:3 அளவு கெடுகிறது.

ஏஐ கொண்டு மெருகேற்றும் யோசனை மட்டும் வேண்டாம், முகமெல்லாம் மெழுகாகிவிடுகிறது.