ஹார்மோன் இரத்தப் பரிசோதனை: ‘முதல் நாள்’ எது?

மொழிபெயர்ப்பவர், மண்டபம் – திங்கள்

குழுவினருக்கு வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெண்களுக்காக ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஹார்மோன் இரத்தப் பரிசோதனையை எதற்காக, எப்போது செய்துகொள்வது என்பதுதான் செய்தி. வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ‘ஹார்மோன்’ என்றே விடலாமா, ‘இயக்குநீர்’ என்று போடலாமா? சுருக்கமாகப் பதில் எழுதுங்கள். இந்தக் குழுவில் இப்படிக் கேட்பது வீண் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

தமிழாசிரியர் (ஓய்வு), ராமநாதபுரம் – திங்கள்

அம்மா, இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. இயக்குநீர். 1905இல் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் ஹார்மோன் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, கிரேக்கத்தில் ‘கிளப்பிவிடு, தூண்டு’ என்று பொருள்படும் வினையைத்தான் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. நமக்கு வீட்டுக்குள்ளேயே ‘இயக்கு’ கிடக்கிறது. அந்தக் கிரேக்க வேரையும் நம் ‘உருமு’வையும் நெடுநாளாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவருகிறேன். உருமு என்றால் இடி. இடி உலகைக் கிளப்புகிறது. உரம், உரன், உரறு எல்லாமே அந்தக் குடும்பம்தான். தனி மடலில் விரிப்பேன். தவிர, ‘வடவெழுத்து ஒரீஇ’ (வடமொழி எழுத்தை விலக்கி) என்று தொல்காப்பியர் சொன்ன பிறகு ஹகரத்தோடு ஒரு தலைப்பா?

ஆசிரியை, மண்டபம் முகாம் – திங்கள்

ஐயா, தொல்காப்பியர் சொன்னது வடசொல்லுக்கு. கிரேக்கம் எந்தத் திசை? இலங்கைப் பாடநூல்களில் ‘ஓமோன்’ என்றே படித்தோம். ஹகரமும் இல்லை, ஒருவருக்கும் குறையும் இல்லை. இங்கே பிள்ளைகள் ஹார்மோன் என்கிறார்கள், தாய்மார் ஓமோன் என்கிறோம். ஒரே வீட்டில் இரண்டும் சண்டையில்லாமல் வாழ்கின்றன.

ஆய்வக நுட்புநர், கீழக்கரை – செவ்வாய்

இயக்குநீர் மட்டும் வேண்டாம் ஐயா. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் ‘இயக்குநீர்ப் பரிசோதனை’ என்று பலகை வைத்திருந்தார்கள். காலையில் வந்தவர்களில் பலர் கையில் சிறுநீர்ப் புட்டி. ஒரு பாட்டி கிணற்றுத் தண்ணீரையே கொண்டுவந்து, ‘உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல் தம்பி’ என்றார். இந்தக் கரையில் நீரைச் சோதிப்பது என்றால் வேறு என்ன பொருள்?

ஆனால் தலைப்பினால் பெரிய கேடு எதுவும் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு வரியால்தான் கேடு: ‘மாதவிடாயின் 2 முதல் 4ஆம் நாளுக்குள் இரத்தம் கொடுக்கவும்.’ சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச், எல்எச், சினைப்பை சுரக்கும் எஸ்ட்ராடியால் ஆகிய ஹார்மோன்களுக்கு அதுதான் வழக்கமான நேரம். அப்போது எஸ்ட்ராடியால் அடங்கிக் கிடக்கும். சினைப்பையை வேலைக்கு எழுப்ப மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எவ்வளவு உரக்க அதட்டுகிறது என்பதை எஃப்எஸ்எச் அளவு காட்டிவிடும். சுழற்சியின் நடுவில், கருமுட்டை வெளிப்படும் சமயத்தில் எடுத்தாலோ எஃப்எஸ்எச், எல்எச் இரண்டும் இயல்பாகவே எகிறி நிற்கும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரே அழுகை.

எங்கள் ஊரில் பெண்கள் பலர் எங்கிருந்து நாள் எண்ணுகிறார்கள் தெரியுமா? குளித்த நாளிலிருந்து. தலைக்கு ஊற்றிக்கொள்வது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. முஸ்லிம் வீடுகளில் குளிப்பு என்பது இரத்தம் முழுதும் நின்ற பிறகுதான். ஆறேழு நாள் ஓடியிருக்கும். அங்கிருந்து மூன்று எண்ணி வந்தால் அது ஒன்பதாம் நாள். ஹார்மோனை விடுங்கள். அந்த முதல் நாளுக்கு ஒரு சொல் கொடுங்கள்.

மருத்துவர், ராமேசுவரம் – செவ்வாய்

தம்பி சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். துளித்துளியாகக் கறைபடும் நாளை நாங்கள் முதல் நாளாக எண்ணுவதில்லை. நன்றாகப் படத் தொடங்கிய நாளே முதல் நாள்.

கருமுட்டை வெளிவந்ததா என்று காட்டும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனுக்கு ‘21ஆம் நாள்’ என்று மூலத்தில் இருக்கும். அதை அப்படியே பெயர்த்துவிடாதீர்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை வருபவர்களுக்கான கணக்கு. அடுத்தது வருவதற்கு ஏழு நாள் முன்பு என்பதே அதன் உட்பொருள். 35 நாள் சுழற்சி என்றால் 28ஆம் நாள். இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டால், கருமுட்டை ஒழுங்காக வெளிவரும் பெண்ணுக்கும் ‘வரவில்லை’ என்று தாள் சொல்லும்.

கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச், தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரண்டையும் எந்த நாளிலும் எடுக்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுபவர்களும்தான். சில பரிசோதனைகளில் அளவையே அது திரித்துவிடும். 45 வயதைக் கடந்து, மாதவிடாய் தள்ளிப்போய், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது என்றால் பெரும்பாலும் இரத்தமே எடுக்க வேண்டியதில்லை, அறிகுறிகளே போதும்.

தமிழாசிரியர் (ஓய்வு), ராமநாதபுரம் – செவ்வாய்

முதல் நாளுக்குச் சொல் தேடி அலைவானேன்? ‘பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்’ என்கிறது தொல்காப்பியக் கற்பியல். இந்த நாட்களை எண்ணும் வழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது பாருங்கள். ‘பூப்பு நாள்’ என்று போடுங்கள். ‘பூப்பின் 3ஆம் நாள்’. எவ்வளவு அழகு!

ஆசிரியை, மண்டபம் முகாம் – செவ்வாய்

அழகுதான் ஐயா. ஆனால் இன்று பூப்பு என்றால் நீராட்டு விழாதான். நாற்பது வயதுப் பெண்ணிடம் ‘பூப்பின் 3ஆம் நாள் வாருங்கள்’ என்றால், பதின்மூன்று வயதில் தாய்மாமன் கொண்டுவந்த சீரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்.

மொழிபெயர்ப்பவர், மண்டபம் – புதன்

நேற்று மாலை, பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவர், எண்ணிக்கையில் புலி. ‘நீங்கள் முதல் நாள் என்று எதைச் சொல்வீர்கள்?’ என்றேன். ‘கண்ட நாளைத்தான்’ என்றார். ‘கண்ட நாள்’ எப்படி இருக்கிறது?

ஆய்வக நுட்புநர், கீழக்கரை – புதன்

அக்கா, சொல் அருமை. ஆனால் அச்சில் ‘கண்ட நாளில் வரவும்’ என்று வந்துவிட்டால், கண்ட கண்ட நாளில் வருவார்கள். இப்போதும் அப்படித்தான் வருகிறார்கள். முன்னால் ஏதாவது சேர்க்க வேண்டும். ‘உதிரம் கண்ட நாள்’?

தமிழாசிரியர் (ஓய்வு), ராமநாதபுரம் – புதன்

உதிரம் என்பது ருதிரத்தின் திரிபு. நம் சொல் குருதி.

ஆசிரியை, மண்டபம் முகாம் – புதன்

உதிர்வது உதிரம் என்று நீங்களே ஒருமுறை இங்கே எழுதியிருக்கிறீர்கள் ஐயா. மடல் என்னிடம் இருக்கிறது.

தமிழாசிரியர் (ஓய்வு), ராமநாதபுரம் – புதன்

அப்போது அப்படி நினைத்தேன்.

மருத்துவர், ராமேசுவரம் – வியாழன் காலை

‘குருதி கண்ட நாள்’ என்றால் போர்க்களத்திலிருந்து வந்தது போல இருக்கிறது. உதிரப்போக்கு என்று சுவரொட்டிகளில் ஏற்கெனவே இருக்கிறது. பெண்களுக்குப் பழகிய சொல். ‘உதிரம் கண்ட முதல் நாள்’ என்று முழுதாகவே போடுங்கள். கூடவே, ‘குளித்த நாளிலிருந்து எண்ண வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. என்னைக் கேட்டால் கலைச்சொல்லைவிட அந்த வரிதான் முக்கியம்.

மொழிபெயர்ப்பவர், மண்டபம் – வியாழன் மதியம்

ஏழு பேர் சரி என்றிருக்கிறீர்கள். இருவர் எதிர்ப்பு. மற்றவர்கள் உருமு பற்றிய மடலைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். தலைப்பில் ஹார்மோன், உள்ளே ‘உதிரம் கண்ட முதல் நாள்’. அச்சகத்துக்குக் கிளம்புகிறேன்.

ஆய்வக நுட்புநர், கீழக்கரை – வியாழன் மாலை

நேரமாகிவிட்டதோ என்னவோ. ஒரு சிக்கல். எங்கள் வீடுகளில் மஃரிபோடு (அந்தித் தொழுகையோடு) அடுத்த நாள் தொடங்கிவிடும். திங்கள் இரவு எட்டு மணிக்குக் கண்டால் முதல் நாள் திங்களா, செவ்வாயா?

மருத்துவர், ராமேசுவரம் – வியாழன் இரவு

மாலைக்கு மேல் தொடங்கினால் மறுநாளை முதல் நாளாக வைப்பவர்கள் எங்களிலும் உண்டு. ஆகவே செவ்வாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 4 வரை இடம் இருப்பதால் ஒரு நாள் முன்பின் ஆனாலும் பெரிய பிழை வராது.

தமிழாசிரியர் (ஓய்வு), ராமநாதபுரம் – வெள்ளி

துண்டறிக்கை கிடைத்தது. தடித்த எழுத்து வரி நன்று. அடுத்த பதிப்பில் குருதி. உருமு பற்றிய இரண்டாம் பகுதியை இத்துடன் இணைத்துள்ளேன்.