பூட்டிய கட்டடத்தில் தீ: திருகோணமலையில் நாங்கள் கண்டவை

உவர்மலையிலிருந்து, மின்வேலை செய்பவர்:

வயரிங்கும் தீப்பாதுகாப்பும் பார்க்கச் சொல்லிப் பல நிறுவனங்களுக்குக் கூப்பிடுவார்கள். போனதும் சுவரில் தொங்கும் தீயணைப்புச் சிலிண்டரைக் காட்டுவார்கள். சரி, அதையும் பார்ப்பேன். ஆனால் ஆட்களைப் பூட்டி வைக்கும் இடமென்றால் என் முதல் கேள்வி, "இரவில் திறப்பு யாரிடம்?" மணி எவ்வளவு பலமாக அடித்தாலும் உள்ளே இருப்பவர் தானாக ஓடிவர முடியாது. ஒருவர் வந்து திறக்க வேண்டும்.

ஒரு தடுப்பு நிலையத்தில் லைட்டை அணைத்துவிட்டு, இரவுக் காவலரிடம் கதவுகளைத் திறக்கச் சொன்னேன். வளையம் நிறையத் திறப்புகள், எல்லாம் ஒரே அளவு. பாவம், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பின்கதவு கடைசிவரை திறபடவில்லை. கடற்காற்றில் துருவேறி ஆமைப்பூட்டு இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுத் தட்டித்தான் கழற்றினோம். நம் ஊர் உப்புக்காற்றுக்குப் பூட்டுகளை அடிக்கடி திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

ஹொண்டுராஸின் கொமயாகுவா சிறையில் 2012 பெப்ரவரி 14 இரவு பிடித்த தீயில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். திறப்பு வைத்திருந்தவர்களைக் கண்டுபிடிக்க முடியாமல் தாமதமானது என்று தீயணைப்பு வீரர்கள் சொன்னார்கள். ஸ்பொஞ்ச் மெத்தை எரிந்தால் காபனோரொட்சைட்டு, ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு வாயுக்கள் வரும். நெருப்பு கிட்ட வருவதற்கு முன்பே புகை ஆளை விழுத்திவிடும். திறப்புத் தேட அங்கே நேரமே இல்லை.

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) 101 விதிக்கோவை, வெளியேறும் வழிக் கதவுகளின் திறப்புகளைக் கண்ணாலும் தொட்டும் அடையாளம் காணக்கூடியதாக வைக்கச் சொல்கிறது. அரத்தால் ஒவ்வொரு திறப்பிலும் வெவ்வேறு எண்ணிக்கையில் வெட்டுகள் போட்டால், இருட்டிலும் தடவிப் பார்த்தே எது எந்தக் கதவுக்கு என்று தெரியும். இதற்குப் பெரிய செலவா? கைதிகளை வீதிக்கு விட முடியாது என்று சொல்வார்கள். விட வேண்டாம். தீ தாங்கும் சுவருக்கு அப்பால் அடுத்த பகுதிக்கு நகர்த்த ஒரு வழி இருந்தாலே பல உயிர் தப்பும்.

உப்புவெளியிலிருந்து, முன்னாள் விடுதிப் பொறுப்பாளர்:

தம்பி சொன்னது பெண்பிள்ளைகள் விடுதிக்கும் பொருந்தும். பாதுகாப்புக்கென்று இரவில் படிக்கட்டு வாசலைப் பூட்டி, யன்னலுக்கெல்லாம் கம்பி அடித்திருந்தோம். கும்பகோணத்தில் 2004 யூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனதிலிருந்து அந்தப் பூட்டைப் பார்க்கவே எனக்கு மனம் பதறும். நிர்வாகத்தோடு வாதாடி, மாடியில் ஒரு யன்னல் கம்பியைப் பிணைச்சல் வைத்து உள்ளிருந்தே திறக்கும்படி மாற்றினோம். வெளியே இரும்பு ஏணி. பிள்ளைகளை அதில் இறக்கியும் பழக்கினோம். முதலில் பயந்தார்கள், அப்புறம் போட்டி போட்டு இறங்கினார்கள்.

நகரத்திலிருந்து, பராமரிப்பு இல்லத் தாதி:

ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6 அன்று தீப்பிடித்த மனநலக் காப்பகத்தில் 28 பேர் மாண்டார்கள், சங்கிலியில் கட்டுண்டபடி. யாரையும் கட்டிவைக்கவே கூடாது. எங்கள் இல்லத்தில் படுக்கையிலேயே இருப்பவர்களைப் போர்வையோடு தரையில் இழுத்து வெளியே எடுக்கப் பழகுகிறோம். அண்ணை, பகலில் பழகிப் பிரயோசனமில்லை. இரவில் இரண்டு பேர்தான் வேலையில் நிற்போம். அந்த இரண்டு பேரால் எத்தனை பேரை எடுக்க முடியும் என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.