தண்டப்பணம் கட்ட முடியாதவருக்குச் சிறை எதற்கு?

உப்புவெளிக்காரன்:
திருகோணமலை நீதவான் நீதிமன்ற வாசலில் ஒரு காலை நின்று பாருங்கள். கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தோடு பிடிபட்டவர், குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர், சிறு கஞ்சாப் பொட்டலம் வைத்திருந்தவர். எல்லோருக்கும் தண்டப்பணம். காசுள்ளவர் கட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு போய்விடுவார். கூலிக்குப் போகிறவர் சிறைக்குப் போவார். நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குள் போகிறவர்களில் பெரும்பகுதி இப்படிக் காசில்லாமல் போகிறவர்கள்தான். சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரமே இதைக் காட்டுகிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் கையில் இருக்கிறது. அதன் கீழ் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தக் கட்டளை கிடைத்தவர் வீட்டிலிருந்தே பொதுவேலைக்குப் போகலாம், போதைப் பழக்கத்துக்கு ஆலோசனை பெறலாம். பிறகு ஏன் சிறை?

கிண்ணியாப் பெண்:
அண்ணன், நீங்கள் நீதிமன்ற வாசலைப் பார்க்கிறீர்கள். நான் வீட்டு வாசலைப் பார்க்கிறேன். எங்கள் அயலில் ஐஸ் என்ற போதைப்பொருளுக்குப் பழகிய மகன் உம்மாவை அடித்துக் காப்பைப் பறித்தான். ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு அன்று பின்னேரமே திரும்பி வந்தான். அந்த உம்மா பல இரவுகள் எங்கள் வீட்டில்தான் படுத்தார். உங்கள் கட்டளையும் அவனை அதே வீட்டுக்குத்தான் அனுப்பும். 2022இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் என்று வைத்தார்கள். ஊர்கள் அவ்வளவு பட்டிருந்தன.

உப்புவெளிக்காரன்:
தங்கச்சி, விற்கிறவனை விடச் சொல்லவில்லை. ஆனால் 2 கிராம் ஹெரோயினுக்கு 1984இலிருந்தே மரண தண்டனை அல்லது ஆயுள் இருக்கிறது. அதனால் தூள் குறைந்ததா? 1976க்குப் பிறகு இங்கே எவரும் தூக்கிலிடப்படவும் இல்லை. வீட்டில் அடிக்கிறவனுக்கு 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவன் வீட்டுக்குள் வரக்கூடாது என்றே கட்டளை வாங்கலாம்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்:
இருவரும் சட்டத்தைப் பேசுகிறீர்கள், நான் நீதிமன்ற மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். சீர்திருத்தக் கட்டளைக்கு முன் சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதற்குத் தவணை போட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டப்பணம் என்றால் சில நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். சட்டத்தரணி இல்லாமல் நிற்கிறவர் அந்தக் கட்டளையைக் கேட்கமாட்டார், தண்டப்பணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டக் கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரியாது. வாயைத் திறக்காமலே உள்ளே போய்விடுவார். முதலில் இதைத் திருத்துங்கள்.

கிண்ணியாப் பெண்:
தண்டப்பணக்காரரை வெளியே விடுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற கட்டளையை வாங்க அந்த உம்மாவோ அவருக்காகப் பொலிஸோ நீதிமன்றம் ஏற வேண்டும். பெற்ற பிள்ளைக்கு எதிராக எத்தனை தாய்மார் அதற்குச் சம்மதிப்பார்கள்? அவன் அதை மீறினால், பொலிஸ் வருமட்டும் அவர் எங்கே நிற்பது? மூதூர், கிண்ணியா, குச்சவெளி என்று பரந்து கிடக்கிற மாவட்டத்தில் உத்தியோகத்தர் எத்தனை வீட்டுப் படி ஏறுவார்?

உப்புவெளிக்காரன்:
அந்த அறிக்கைக்கு உம்மாவையும் விசாரிக்க வேண்டும், அது நியாயம். அவர் பயப்படுகிறார் என்றால், அவனுக்கு வேறு முகவரி இல்லாமல் கட்டளை கொடுக்கக்கூடாது. ஆனால் இன்னொன்றையும் யோசியுங்கள். நம் சிறைகளில் இடத்துக்கு மேல் ஆட்கள். கசிப்புக்காரரும் ஐஸ் விற்றவனும் ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். அங்கே கசிப்புக்காரருக்குக் கிடைக்கிற தொடர்பு என்ன?

கிண்ணியாப் பெண்:
அதனால்தான் சொல்கிறேன், கசிப்புக்காரரிலிருந்து தொடங்குங்கள். எங்கள் அயலவனைக் கடைசியில் பாருங்கள், அதுவும் அந்த உம்மா சம்மதித்தால்.