சேல்ஸ்மேனுக்கு மாச டார்கெட் மட்டும் போதுமா?

பீட்மேப்: மளிகைக் கடை லைன்ல மாச டார்கெட்டை மட்டும் வச்சு இன்சென்டிவ் கொடுக்கறதை நிறுத்துங்க, தினம் எத்தனை கடையில பில் போடறான்னும் பாருங்க. டார்கெட்ல 90 சதவீதம் தொட்டாத்தான் இன்சென்டிவ்னு வச்சா, 20-ம் தேதி பாதியில நிக்கிறவன் அந்த மாசத்தைக் கைகழுவிட்டு, வர்ற ஆர்டரை அடுத்த மாசத்துக்கு ஒதுக்குவான். கிட்ட வந்தவன் மீதியைக் கோவிந்தப்ப நாயக்கன் தெரு ஹோல்சேல்ல ஒரே பில்லா இறக்கிடுவான். அந்தச் சரக்கு நம்ம ரேட்டுக்கும் கீழ மடிப்பாக்கம் கடைக்கே வந்து சேரும். அப்புறம் அண்ணாச்சி ஏன் நம்ம பையன்கிட்ட எடுக்கணும்?

பாரிமுனை ஸ்டாக்கிஸ்ட்: சார், சம்பளம் விக்கத்தான், கடை கடையா எட்டிப் பார்க்க இல்ல. விசிட்டுக்குக் காசுன்னா வண்டியை விட்டு இறங்காமலே ஆப்ல 'நோ ஆர்டர்' தட்டிட்டுப் போவான். பில் எண்ணிக்கைக்குன்னா ஒரு ஆர்டரை ரெண்டு பில்லா உடைப்பான். ஹோல்சேலை ஒதுக்கவும் முடியாது. நம்ம வண்டி போகாத பெட்டிக்கடை எல்லாம் அங்கதான் வாங்குது.

பீட்மேப்: விசிட்டுக்குக் காசு தரச் சொல்லல. பில் எண்ணிக்கையில ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு ஒரு பில்தான் கணக்கு, 300 ரூபாய்க்குக் கீழன்னா சேராதுன்னு வைங்க. உடைக்கிறது நின்னுடும். ஹோல்சேலுக்குத் தனி ஆள், தனி டார்கெட். இப்ப ஒரு கணக்கு: ஒரு நாளைக்கு 40 கடை போறான், 24 பில் விழுது, பில்லுக்கு 4 ஐட்டம், சராசரி 900 ரூபாய். ஒரு நாளைக்கு 21,600, 25 நாளுக்கு 5.4 லட்சம். 'ஆறே முக்கால் பண்ணு'ன்னு கத்தினா ஹோல்சேலுக்குத்தான் ஓடுவான். அதே ரேட்டுல பில்லுக்கு இன்னொரு ஐட்டம் சேர்ந்தா 1,125, மாசத்துக்கு 6.75 லட்சம்.

லைன்சூப்பர்வைசர்: அந்த அஞ்சாவது ஐட்டத்தை எப்படி விக்கறதுன்னு யார் சொல்லித் தர்றது? 'அண்ணாச்சி, ஆர்டர் இருக்கா?'ன்னு ஆரம்பிச்சா 'ஒண்ணும் வேணாம்ப்பா'தான் பதில். முதல்ல ரேக்கைப் பார்க்கணும். போன வாரம் 12 பாக்கெட் வச்சது, இப்ப 3 இருக்குன்னா, 'வாரம் 9 ஓடுது, இனி அடுத்த செவ்வாய்தான் வருவேன், 3 பத்துமா?'ன்னு கேட்கணும். ஓடற சரக்கு எழுதின பிறகுதான் புதுசு, அதுவும் ஒண்ணே ஒண்ணு. ஸ்கீம், அதாவது கம்பெனி தர்ற சலுகை, கடைசில. முதல்லயே சொன்னா பேரம் அங்கிருந்து கிளம்பும். கூடப் போற சூப்பர்வைசர் தானே பேசி ஆர்டர் எடுத்துக் கொடுக்கறாரே, அதுதான் பெரிய கெடுதல். மூணு கடையில பேசிக் காட்டிட்டு மீதிக் கடையில வாயைத் திறக்கக் கூடாது. வெளிய வந்ததும் ஒரு திருத்தம் மட்டும் சொல்லணும். எட்டு சொன்னா எதுவும் நிக்காது.

பாரிமுனை ஸ்டாக்கிஸ்ட்: அது சரிங்கண்ணே. ஆனா கடனைப் பத்தி யாருமே பேசல. பில் ஏத்தணும்னு 7 நாள் கிரெடிட்டை 21 ஆக்குவான், 'போகலன்னா திருப்பி எடுத்துக்கறேன்'னு வாய்லயே சொல்லிட்டு வருவான். எக்ஸ்பைரி ஆன சரக்கு என் குடோன்லதான் குவியுது.

பீட்மேப்: வசூலாகாத பில்லுக்கு இன்சென்டிவை நிறுத்தி வைங்க. ரிட்டர்ன் வந்தா அடுத்த மாசக் கணக்குல கழிங்க.

பாரிமுனை ஸ்டாக்கிஸ்ட்: நவம்பர் மழையில வேளச்சேரி, பள்ளிக்கரணைல தண்ணி நின்னா?

பீட்மேப்: அந்த நாளை விட்டுடுங்க. 25 நாள் 22 ஆகட்டும், ஒரு நாளைக்கு 24 பில்ங்கறது மாறக் கூடாது.

பாரிமுனை ஸ்டாக்கிஸ்ட்: பையனுக்கு 22 நாள் சரி. கம்பெனி எனக்குப் போடற டார்கெட் 25 நாளுக்குத்தானே சார் வருது? அதைக் குறைக்க வழி சொல்லுங்க, ஹோல்சேல் பில்லை நானே நிறுத்தறேன்.